பள்ளிச் சுற்றுலா அலையாத்திக் காட்டுக்குப் போகட்டும்

ஆண்டு இறுதி நெருங்கும்போது நம் கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் சுற்றுலா அறிவிப்பு ஒட்டப்படுகிறது. போகும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. சென்னைப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்கா, அல்லது ஊட்டி, அல்லது கொடைக்கானல். சற்று வசதியான பள்ளி என்றால் கேரளம். இரவெல்லாம் பேருந்துப் பயணம், பகலில் சறுக்கு விளையாட்டு, திரும்பும் வழியில் வாந்தி, மறுநாள் விடுமுறை. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். இரவுப் பயணம் என்ற ஒரே காரணத்தால் பெண்பிள்ளைகள் பலருக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது.

அந்தச் சுற்றுலாவை நாம் பழிக்கவில்லை. பிள்ளைகள் விளையாடட்டும். நாம் கேட்பது வேறொன்று. முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் தோப்புத்துறையிலும் படிக்கும் பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகளைப் பள்ளியில் கழித்துவிட்டு, தன் ஊருக்குப் பின்னால் விரிந்து கிடக்கும் ஈரநிலத்தை ஒருமுறைகூடக் காணாமல் வெளியேறுவது முறைதானா?

அது எப்படிப்பட்ட நிலம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். கோடியக்கரைச் சரணாலயம், பஞ்சநதிக்குளம் சதுப்பு, வேதாரண்யத்து உப்புச் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவை சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஓர் ஊர். உலகின் முதன்மையான ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கையெழுத்தானதால் அந்தப் பட்டியலுக்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. பள்ளிக்கரணையும் பிச்சாவரமும் வேடந்தாங்கலும் அந்தப் பட்டியலுக்கு வந்தது 2022இல்தான். அதுவரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள், தமிழ்நாட்டின் பெயரை அங்கே தாங்கி நின்றது நம் கொல்லைப்புறச் சேறு.

ஜாம்புவானோடை தர்காவுக்குத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. வந்து தங்குகிறார்கள், திரும்புகிறார்கள். அதே ஜாம்புவானோடையிலிருந்துதான் காட்டுக்குள் செல்லும் படகும் புறப்படுகிறது. வெளியூரார் அறியாததில் வியப்பில்லை. உள்ளூரில் பிறந்து வளர்ந்து, துபாயிலும் சிங்கப்பூரிலும் செயற்கைத் தீவையும் கண்ணாடிக் குவிமாடத் தோட்டத்தையும் கட்டணம் கொடுத்துப் பார்த்து வந்த நம் இளைஞர்களிடம், கோரையாற்றின் முகத்துவாரம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு எனக் காவிரியின் கடைசிக் கிளைகள் வந்து சேரும் இடம் முத்துப்பேட்டைக் காயல். குடகு மலையில் தோன்றிய நீர், மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வயல் வயலாக நுழைந்து வெளியேறி, மிச்சமாக எஞ்சியதைக் கொண்டுவந்து இங்கே கடலிடம் ஒப்படைக்கிறது. அந்தக் காயலைச் சுற்றி நிற்பதுதான் அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்ற பொருளில் வைத்த பெயர். பாடநூல் சதுப்புநிலக் காடு என்று எழுதும். கரையோர மக்கள் வைத்த பெயரே அந்தக் காட்டின் வேலையையும் சொல்லிவிடுகிறது.

படகு காட்டின் ஓரத்தில் ஒதுங்கியதும் பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான குச்சிகள். யாரோ வரிசையாக நட்டுவைத்தது போலத் தோன்றும். அவை வேர்கள். நீர் ஊறிய சேற்றில் காற்றுப் புகாது. ஆகவே அம்மரம் தன் வேரை வானத்தை நோக்கி அனுப்பி மூச்சு வாங்குகிறது. அதன் இலையொன்றை நாவால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் கரிக்கும். மரம் உப்புநீரைக் குடித்து, தனக்கு வேண்டாத உப்பை இலைவழியே வெளியேற்றிவிடுகிறது. பாடநூலில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த செய்தி நாவில் உப்பாகப் பட்டபின் மறக்காது. ஆனால் எல்லா இலையையும் தொட விட்டுவிடக் கூடாது. அங்கே தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எது அலையாத்தி, எது தில்லை என்று காட்டித் தருவதற்காகவே வனத்துறைப் பணியாளர் ஒருவரோ உள்ளூர் மீனவர் ஒருவரோ உடன் வரவேண்டும்.

சேற்றின் மேல் துள்ளித் திரியும் சிறு மீன்களும், ஒரு கை மட்டும் பருத்த நண்டுகளும் பிள்ளைகளை நெடுநேரம் பிடித்துவைக்கும். ஆசிரியர் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். நம் சமையலறைக்கு வரும் இறாலும் கொடுவாவும் தம் இளமைப் பருவத்தைக் கழிக்கும் தொட்டில் இந்த வேர்களின் நடுவேதான் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் காயலுக்குள் வந்து வளரும். பருத்தபின் கடலுக்குத் திரும்பும். காடு போனால் கடலிலும் மீன் குறையும் என்பதைக் கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக விளக்க வேறு இடம் இல்லை.

இனிய நீரும் உப்பு நீருமாக இரண்டு கடல்களைப் பற்றித் திருக்குர்ஆன் பேசுகிறது. அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் வரும். அர்ரஹ்மானிலும் இரு கடல்களின் சந்திப்பு வரும். விரிவுரையாளர்கள் அந்த வசனங்களுக்குப் பலவாறு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் நுழையவில்லை. நம் பிள்ளைகளில் பலர் மதரஸாவில் அவற்றை மனனமாக ஓதுகிறார்கள் என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம். ஓதிய பிள்ளை காயலின் நடுவே படகில் அமர்ந்து, ஆற்றுப் பக்கத்து நீரையும் கடற்பக்கத்து நீரையும் விரலால் தொட்டுச் சுவைத்துப் பார்க்கட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனால் ஆற்றுநீர் மேலோங்கி, உப்பு மட்டாக இருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் ஜனவரி 28க்குப் பிறகு வரத்து குறையும். கோடையில் காயல் கடலைக் காட்டிலும் கடுமையான உப்பாகிவிடும். நன்னீர் வராவிட்டால் காடு எப்படி வாடும் என்பதும், காவிரியில் தண்ணீர் விடுவது வயலுக்கு மட்டுமான விவகாரம் அன்று என்பதும் அங்கே பாடமாகும்.

கடல்நீரில் ஒளுச் செய்யலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இதே கேள்வியைப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கடற்பயணம் செய்த ஒருவர் கேட்டார். படகில் கொஞ்சம் நல்ல தண்ணீரே கொண்டுசெல்கிறோம், அதில் ஒளுச் செய்தால் குடிக்க நீரின்றிப் போகும் என்பது அவருடைய கவலை. கடல்நீர் தூய்மையானதே என்ற விடை அவருக்குக் கிடைத்தது. திர்மிதீயிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ள இந்தச் செய்தியை வகுப்பறையில் சொல்வதற்கும், தண்ணீர்ப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகில் இருக்கும் பிள்ளையிடம் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது.

இந்தக் காட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது, தாழ்ந்த பள்ளத்தில் கடல்நீர் தேங்கி ஆவியானது, உப்பு ஏறியது, பிறகு அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. மக்கள் வெட்டியதால்தான் காடு அழிந்தது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. பின்னர் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாருடன் சேர்ந்து, தேங்கிய நீர் வடிந்து ஓதத்தோடு ஏறி இறங்குமாறு மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டின. நீர் ஓடத் தொடங்கியதும் செடி நிலைத்தது. இன்று படகிலிருந்து பச்சையாகத் தெரிவதில் ஒரு பகுதி அப்படி மீண்டு வந்தது. மரம் நடுவிழா என்றால் குழி தோண்டி, கன்று வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்று நினைத்திருக்கும் நம் பள்ளி நிர்வாகங்களுக்கும் அந்த வாய்க்கால்களில் பாடம் உண்டு. முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை மேடையில் சொல்வது எளிது. நட்டது பிழைக்க வேண்டுமானால் நீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. தென்னை வீழ்ந்ததை எல்லோரும் பேசினோம். அது நம் வயிற்றைத் தொட்டது. அலையாத்திக் காடும் அன்று இலையுதிர்ந்து கருகி நின்றது; கோடியக்கரையில் வெளிமான்கள் மாண்டு, சிலவற்றின் உடல்கள் கரையொதுங்கின. காடு இருந்தால் எந்தப் புயலும் அண்டாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. அது பொய். காற்றின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, அலையின் வேகத்தைக் குறைத்து, மண்ணைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவே ஊருக்குப் பெரிது.

கோடியக்கரை வேறு வகையான இடம். முத்துப்பேட்டையையும் கோடியக்கரையையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று பேருந்துக்காரர் சொல்வார். வேண்டாம். ஓடிக்கொண்டே பார்ப்பது பார்ப்பதாகாது. கீழ்வகுப்புகளை முத்துப்பேட்டைக்கும் மேல்வகுப்புகளைக் கோடியக்கரைக்கும் அழைத்துச் செல்வதே நம் பரிந்துரை. இங்கே உலர்ந்த பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்பளம், சேற்றுப் படுகை, கடற்கரை எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முறுக்கிய கொம்புடன் கருத்த முதுகோடு நிற்கும் ஆண் வெளிமானையும், அதன் பின்னே மேயும் பழுப்புநிறப் பெண்மான்களையும் திறந்த வெளியில் காணலாம். காட்டில் திரியும் குதிரைகள் எப்போதோ மனிதர் விட்டுச்சென்றவற்றின் வழித்தோன்றல்கள். அவையும் மானின் புல்லையே தின்கின்றன. வேலிக்காத்தான் என்று நாம் சொல்லும் சீமைக் கருவேலமோ புல்வெளியையே விழுங்குகிறது. குதிரையை அப்புறப்படுத்தலாமா, விட்டுவைக்கலாமா என்று ஒன்பதாம் வகுப்பில் விவாதம் வைத்துப் பாருங்கள். பட்டிமன்றத் தலைப்புகளைவிட நன்றாக இருக்கும்.

பறவைகளே கோடியக்கரையின் பெருஞ்செல்வம். அக்டோபர் முதல் மார்ச் வரை காலம். பூநாரைகள் தலையைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, சேற்றை அலசி உண்பதைத் தொலைவிலிருந்து காணலாம். கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, ஊசிவால் வாத்து என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது அவற்றுள் மிகச் சிறியது. கொசு உள்ளான் என்று அதற்குப் பெயர். எடை இருபது முப்பது கிராம்தான். ஒரு கைப்பிடி அரிசி அதைவிட எடை கூடுதலாக இருக்கும். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கரைக்கு வருகிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் கைபேசியும் இல்லாமல் வரும் விருந்தாளி. வானில் சிறகு விரித்தும் மடக்கியும் பறப்பவற்றை நோக்குமாறு அல்முல்க் அத்தியாயம் அழைக்கிறது. அதை இரவுதோறும் ஓதும் வீடுகள் நம்மிடையே பல உண்டு.

இந்தப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறியும் ஆய்வு கோடியக்கரையில் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. நடத்துவது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். அந்தச் சங்கத்தின் முகமாக விளங்கியவர் சாலிம் அலீ. 1896இல் பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, 1987இல் மறைந்தவர். இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படுபவர். நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி அவருடைய சிறுவயதில் இருக்கிறது. பத்து வயதளவில் பொம்மைத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் கறை போல ஒன்று இருந்தது. வழக்கமான குருவியாக இல்லையே, முஸ்லிம் இதை உண்ணலாமா என்ற ஐயத்தோடு மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. சிறுவனைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயர் குருவியை இனங்கண்டு சொன்னதோடு, அலமாரி அலமாரியாக வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். ஹலாலா என்று கேட்கப்போன சிறுவன் வாழ்நாள் முழுதும் பறவைகளின் பின்னால் நடந்தார்.

ஒரு பிள்ளை ஐயம் கேட்டது. பெரியவர் அதை அதட்டி அடக்காமல், விடை தெரிந்தவரிடம் அனுப்பினார். நம் வீடுகளில் இது எத்தனை முறை நடக்கிறது?

ஹலால் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் கசப்பான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் காவிரிப் படுகையில் கொக்கும் மடையானும் உள்ளானும் கண்ணிவைத்துப் பிடிக்கப்படுகின்றன. உரித்துச் சாலையோரத்தில் விற்கிறார்கள். வாங்குவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு; நம் வீடுகள் விலக்கல்ல. உடம்புக்கு நல்லது, மருந்து என்றும் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பறவை இனம் ஹலாலா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது. உரித்து விற்கப்படும் பறவை அறுக்கப்பட்டதா, கண்ணியில் நெரிந்தே செத்ததா என்று வாங்குபவருக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தபோது, அதைத் துன்புறுத்தியது யார் என்று பெருமானார் (ஸல்) வினவி, குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் செய்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இவ்வளவையும் சட்டியின் முன்னால் நின்று பெரியவர்களிடம் சொல்ல நமக்குத் துணிவு வருவதில்லை. கோடியக்கரைக்குப் போய்வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் சொல்வாள். 'வாப்பா, இது சைபீரியாவிலிருந்து வந்தது' என்று அவள் சொன்னபின் அந்த வீட்டில் அது மறுபடி வேகாது.

பெண்பிள்ளைகள் என்று சொன்னோம். இந்தக் கட்டுரையின் நோக்கத்தில் பாதி அவர்கள்தான். தொலைதூரச் சுற்றுலாவுக்கு உம்மாமார்கள் மறுப்புச் சொல்லக் காரணங்கள் இருக்கலாம். இரவுப் பயணம், விடுதியில் தங்கல், தொழுகை தவறும் என்ற கவலை. சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு அஸருக்குள் வீடு திரும்பும் பயணத்துக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. லுஹருக்கு முத்துப்பேட்டையில் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. கோடியக்கரைப் பக்கம் போனால் தோப்புத்துறை இருக்கிறது. பெண்கள் தொழ இடவசதி உண்டா என்று பள்ளி முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். ஆசிரியைகள் உடன் வரட்டும். விருப்பமுள்ள தாய்மார்கள் சிலரையும் அழைத்துக்கொள்ளட்டும். அவர்களும் அந்தக் காட்டைப் பார்த்ததில்லை. இதற்குப் பிறகும் ஆண்பிள்ளைகளை மட்டும் அழைத்துச் செல்லும் பள்ளி தன் காரணத்தை வெளிப்படையாக எழுதி ஒட்டட்டும்.

படகு என்றதும் பெற்றோர் அஞ்சுவது வேறு விஷயம். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 15 மாணவரும் 3 ஆசிரியரும் மாண்டார்கள். அவர்கள் பார்க்கப்போனது சாலிம் அலீயின் பெயர் தாங்கிய பறவைச் சரணாலயத்தை. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர். ஒரே குடும்பத்தில் மட்டும் பதினொருவர். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். இவற்றில் எதிலும் புயல் இல்லை. படகு தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றியதுதான் பொதுக் காரணம். உயிர்காப்பு உடை கொடுக்காததும் அதோடு சேர்ந்துகொண்டது. விதி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாத மரணங்கள் அவை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்ற அறிவுரை நமக்கு உண்டு.

ஆகவே படகில் ஏறும் முன்பே முடிவாக வேண்டியவை சில. படகின் கொள்ளளவு எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; ஆசிரியர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்; ஒருவர் கூடினாலும் இன்னொரு படகு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அளவுக்கேற்ற உயிர்காப்பு உடை இருக்க வேண்டும். பர்தாவுக்கு மேலும் அதை அணியலாம், அணிந்தே ஆக வேண்டும். புகைப்படத்துக்காக எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கக் கூடாது. வனத்துறை அனுமதியின்றித் தெரிந்தவர் படகு என்று ஏறவே கூடாது. வானிலை எச்சரிக்கை வந்தால் பயணம் தள்ளிப்போகும் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இவ்வளவுக்கும் ஒப்பாத பள்ளி படகுப் பயணத்தை விட்டுவிடட்டும். கோடியக்கரைக்குப் படகே தேவையில்லை. உப்பளத்தின் வரப்பில் நின்றே பறவை பார்க்கலாம். பிள்ளைகள் வரலாற்றில் படித்த 1930ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாகிரகம், ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து முடிந்த இடம் அந்த வேதாரண்யம்தான் என்பதும் கூடுதல் ஆதாயம்.

போனபின் நடந்துகொள்ளும் முறையும் முக்கியம். ஒலிபெருக்கி வேண்டாம். பறவைகள் சேற்றில் அமர்ந்திருப்பது நமக்குக் காட்சியளிக்க அன்று. திரும்பும் நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொள்கின்றன. கைதட்டிக் கிளப்பி, கூட்டமாகப் பறப்பதைப் படம் பிடிப்பது அவற்றின் சோற்றில் மண் போடுவது. நம் சுற்றுலாக்களில் பிரியாணிச் சட்டிக்குக் கொடுக்கப்படும் இடம் வேறெதற்கும் கொடுக்கப்படுவதில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோனால் நெகிழித் தட்டுக்கு வேலை இருக்காது. இரண்டு மணி நேரமும் மிஞ்சும்.

இந்தப் பயணம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நாம் நினைக்கவில்லை. அவர்கள் திரும்பி வரும் ஊர் ஒன்று இருக்கிறது. அதன் ஆற்றங்கரையில் கோழிக்கடைக் கழிவு மூட்டையாகக் கிடக்கிறது. வலீமா முடிந்த மறுநாள் நெகிழிக் குவளைகள் வாய்க்காலில் மிதக்கின்றன. அவை போய்ச் சேரும் இடம் அந்தக் காயல். இறால் பண்ணைகளின் கழிவும் அங்கேதான் போகிறது. அந்தப் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இதே டெல்டாவிலிருந்து உச்சநீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்புப் பெற்றார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடற்பசுக்களுக்கான இந்தியாவின் முதல் பாதுகாப்பகமாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று மீனவர் சொல்லும் அந்தச் சாதுவான விலங்கு கடலடிப் புல்லை மேய்ந்து வாழ்வது. அதன் இறைச்சி ஒரு காலத்தில் கரையோர ஊர்களில் விற்கப்பட்டது. இப்போது வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விடும் மீனவர்கள் இருக்கிறார்கள். வலை நட்டம் அவர்களுடையது. ஊர் ஜமாஅத் கூட்டத்தில் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்து ஒரு சால்வை போர்த்தினால் என்ன குறைந்துவிடும்?

பூமியை அமானிதம் என்று ஜும்ஆ பயானில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒப்படைக்கப்பட்ட பொருளின் அளவும் அடையாளமும் தெரியாதவர் அதை எப்படிக் காப்பார்? நாளை இந்தப் பிள்ளைகளில் ஒருவர் பேரூராட்சி உறுப்பினராவார். ஒருவர் நிலம் வாங்கி விற்பார். ஒருவர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் மண்டபம் கட்டுவார். சதுப்பை நிரப்பலாமா, ஆற்றங்கரையில் குப்பைக்கிடங்கு வைக்கலாமா என்ற கேள்வி அவர்கள் மேசைக்கு வரும். அப்போது அந்த நிலம் அவர்களுக்கு வெறும் சர்வே எண்ணாகத் தெரியுமா, ஏழாம் வகுப்பில் இலையை நாவால் தொட்டு உப்புச் சுவைத்த இடமாகத் தெரியுமா என்பதைத்தான் இன்றைய பள்ளி நிர்வாகம் முடிவு செய்கிறது.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து, ஆண்டுத் தேர்வின் நெருக்கடி தொடங்காத காலம்; மழை ஓய்ந்திருக்கும்; பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. கோடியக்கரைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவமும் அதுவே. வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காப்பதையும் காணலாம். சிறு பேருந்து ஒன்றுக்கு ஆகும் செலவை ஊர்ச் சங்கமோ முன்னாள் மாணவர்களோ ஏற்றுக்கொண்டால், எந்தப் பிள்ளையும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருக்க வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். வனத்துறை அலுவலகத்துக்குப் பள்ளியின் கடிதம் முன்கூட்டியே போக வேண்டும். இரண்டு பள்ளிகள் சேர்ந்தால் தொலைநோக்கிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். புறப்படும் நேரத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வெயில் ஏறினால் பறவைகள் தொலைவுக்குப் போய்விடும்; சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பேருந்து பள்ளி வாசலில் நிற்க வேண்டும்.